மனைவி நர்ஸ் என்றால் நாற்காலி இல்லை

டெக்சாஸ் மாநிலத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளுக்கு உரிமம் வழங்கும் வாரியத்தில் 9 உறுப்பினர்கள். அதில் 3 இடங்கள் பொதுமக்களுக்கு. அந்த மூன்றில் ஒன்றில் உட்கார விரும்புகிறவர் டாக்டராகவோ பார்மசிஸ்ட்டாகவோ இருக்கக் கூடாது. அது எதிர்பார்த்ததுதான். ஆனால், அவருடைய மனைவியோ கணவரோ உரிமம் பெற்ற நர்ஸாக இருந்தாலும் கதவு சாத்தப்படும். வாரியத்தின் கட்டுப்பாட்டுக்குள் வரும் நிறுவனத்தில் வேலை பார்க்கக் கூடாது. அதில் 10 சதவீதத்துக்கு மேல் பங்கும் வைத்திருக்கக் கூடாது. மருத்துவத் துறைச் சங்கம் ஒன்றில் நிர்வாகியாகவோ சம்பளக்காரராகவோ இருப்பவர் 9 இடங்களில் எதற்கும் வர முடியாது. நம்மூரில் கமிட்டி போடும்போது யாரையெல்லாம் சேர்க்கலாம் என்றுதான் பட்டியல் போடுவோம். இந்தச் சட்டம் யாரையெல்லாம் உள்ளே விடக் கூடாது என்பதற்கு மெனக்கெட்டிருக்கிறது.

இவ்வளவு காவல் எதற்கு? தொழிலைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். பக்கவாதத்தில் வலது கை செயலிழந்த ஒருவருக்குச் சட்டை போடக் கற்றுக்கொடுப்பது இந்தத் தெரபிஸ்ட்டுகளின் அன்றாட வேலை. போடும்போது முடங்கிய கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கை முதலில் வெளியே வர வேண்டும். இது தெரியாமல் வீட்டில் அவசரத்துக்குக் கையைப் பிடித்து இழுத்துத் தோள்மூட்டுக்குச் சேதம் வருவது உண்டு. அதே தெரபிஸ்ட் விரல்கள் மடங்கி இறுகிவிடாமலிருக்க ஸ்பிளின்ட் செய்கிறார். பிளாஸ்டிக் தகட்டை வெந்நீர்த் தொட்டியில் போட்டு, இளகியதும் எடுத்து, துணியால் ஒற்றி, முதலில் தன் கையில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, பிறகு நோயாளியின் கையில் வைத்து வளைக்க வேண்டும். சில நிமிடங்களில் அது கெட்டியாகிவிடும். உணர்ச்சியற்ற கை ‘சுடுகிறது’ என்று சொல்லாது. மணிக்கட்டு எலும்பின் மேல் விளிம்பு அழுத்தினாலும் சொல்லாது. புண் வந்த பிறகுதான் தெரியும். தீக்காயம் பட்டவர், கையில் தசைநாண் அறுந்தவர், ஆட்டிசம் உள்ள குழந்தை என்று இவர்களிடம் வருகிறவர்களில் பலர் தங்களுக்கு நடப்பது சரியா தவறா என்று சொல்லத் தெரியாத நிலையில் இருப்பவர்கள்.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கு உரிமம் கொடுப்பது மத்திய அரசின் வேலை இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாகச் செய்கிறது. நியூயார்க்கும் புளோரிடாவும் 1975-இல் சட்டம் கொண்டுவந்தன. டெக்சாஸ் சட்டம் 1983-இல் வந்தது.

டெக்சாஸ் வாரியத்தில் 4 தெரபிஸ்ட்டுகள், 2 உதவியாளர்கள், 3 பொதுமக்கள். எல்லோரையும் நியமிப்பவர் ஆளுநர். (நம்மூர் ராஜ்பவன் ஆளுநரை நினைத்துக்கொள்ள வேண்டாம், அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் வந்தவர், நம் முதலமைச்சர் மாதிரி.) மாநில செனட்டும் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். பதவிக்காலம் 6 ஆண்டுகள். ஒவ்வோர் ஒற்றைப்படை ஆண்டிலும் பிப்ரவரி 1 அன்று மூவரின் காலம் முடியும். ஒரே ஆளுநர் ஒரே மூச்சில் வாரியம் முழுவதையும் தன் ஆட்களால் நிரப்பிவிடக் கூடாது என்பது கணக்கு. 2015-லிருந்து ஒருவரே ஆளுநராக இருக்கும் மாநிலத்தில் அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பலித்திருக்கும் என்பது வேறு கேள்வி.

உதவியாளர்களுக்கு 2 இடம் என்பதைச் சட்டென்று தாண்டிப் போய்விடக் கூடாது. நோயாளியைப் பரிசோதித்து, என்ன சிகிச்சை என்று திட்டம் எழுதுவது தெரபிஸ்ட்டின் பொறுப்பு. அந்தத் திட்டப்படி அன்றாடம் பயிற்சி கொடுப்பவர் பல இடங்களில் உதவியாளர்தான். திட்டம் எழுதியவர் பிறகு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காவிட்டால் மாட்டிக்கொள்பவரும் இவர்தான். கீழ்ப்படியில் நிற்பவருக்கும் விதி எழுதும் மேஜையில் ஓட்டு இருப்பது எனக்குப் பிடித்த ஏற்பாடு.

இதற்கு மேலே இன்னொரு அடுக்கு உண்டு. பிசியோதெரபிக்கு டெக்சாஸில் தனி வாரியம் இருக்கிறது. இரண்டு வாரியங்களுக்கும் சேர்த்து 1993-இல் ஒரு நிர்வாகக் குழுவை ஏற்படுத்தினார்கள். ஆஸ்டின் நகரில் இருக்கும் அலுவலகம், ஊழியர்கள், நிர்வாக இயக்குநர், கட்டண நிர்ணயம் எல்லாம் அந்தக் குழுவின் கையில். அதில் 5 பேர்: ஒவ்வொரு வாரியத்திலிருந்தும் ஒரு தொழில்காரர், ஒரு பொது உறுப்பினர், ஐந்தாமவர் ஆளுநர் நேரடியாக நியமிக்கும் பொது உறுப்பினர். தலைமை வகிப்பவரும் அவரே.

எண்ணிப் பாருங்கள். வாரியத்தில் தொழில்காரர்கள் 6, வெளியாட்கள் 3. குழுவிலோ வெளியாட்கள் 3, தொழில்காரர்கள் 2. எது நல்ல சிகிச்சை, எது தவறு என்று முடிவு செய்யும் இடத்தில் விவரம் தெரிந்தவர்களுக்குப் பெரும்பான்மை. பணப்பெட்டியும் ஊழியர்களும் இருக்கும் இடத்தில் வெளியாட்களுக்குப் பெரும்பான்மை. சாமர்த்தியமான பங்கீடு.

வெளியாட்களை ஒப்புக்குச் சப்பாணியாக வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வட கரோலினாவின் பல் மருத்துவ வாரியம் உதாரணம். அங்கே 8 பேரில் 6 பேர் பல் டாக்டர்கள். பொதுமக்களுக்கு ஒரே இடம். ஷாப்பிங் மால்களில் சின்னக் கடை போட்டு, குறைந்த காசுக்குப் பல்லை வெண்மையாக்கித் தருகிறவர்கள் வந்தார்கள். அதே வேலையைக் கூடுதல் காசுக்குச் செய்துகொண்டிருந்த டாக்டர்கள் வாரியத்திடம் முறையிட்டார்கள். வாரியம் 47 கடிதங்கள் அனுப்பிக் கடையை மூடச் சொன்னது. நியாயமான வணிகத்தைக் கண்காணிக்கும் மத்திய ஆணையம் வழக்குத் தொடுத்தது. 2015-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது: அதே தொழிலில் சம்பாதிப்பவர்கள் பெரும்பான்மையாக உள்ள வாரியத்தை அரசு முறையாக மேற்பார்வை செய்யாவிட்டால், அரசு அமைப்பு என்ற பாதுகாப்பு இத்தகைய வழக்கில் அதற்குக் கிடையாது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நாடெங்கும் உரிம வாரியங்கள் தங்கள் நாற்காலிகளைத் திரும்ப எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று.

டெக்சாஸில் இன்னொரு கடிவாளமும் உண்டு. 1977-இல் வந்த ஒரு சட்டப்படி, பெரும்பாலான அரசு அமைப்புகளுக்கு ஒரு முடிவுத் தேதி குறிக்கப்பட்டிருக்கும். பொதுவாக 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை சட்டமன்றக் குழு வந்து, ‘நீ எதற்கு இருக்கிறாய்’ என்று கேட்கும். சட்டமன்றம் நீட்டிக்காவிட்டால் அமைப்பு கலைந்துவிடும். இந்த நிர்வாகக் குழு 2017-இல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித் தப்பியது. ஆனால் சும்மா தப்பவில்லை. தெரபிஸ்ட்டுக்கு உரிமம் இருக்கும்போது அவர் வேலை செய்யும் கிளினிக்கையும் தனியாக ஏன் பதிவு செய்ய வேண்டும் என்ற கேள்வி எழுந்து, அந்தப் பதிவு முறையே ஒழிந்தது. மறுபக்கம், விண்ணப்பதாரர்களின் கைரேகையை வாங்கிக் குற்றப் பின்னணி பார்ப்பது கட்டாயமாயிற்று. கட்டணம் தரும் ஒரு வேலையைக் கைவிடும்படி அரசு அலுவலகம் ஒன்றிடம் சொல்வது எவ்வளவு அபூர்வம் என்பது தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

உரிமம் வாங்கும் வழி நேரானது. அங்கீகரித்த படிப்பு, தேசிய அளவிலான தகுதித் தேர்வு, கைரேகை, அதோடு மாநிலச் சட்டத்தைப் பற்றிய ஒரு தேர்வு. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போது தொடர்கல்விக் கணக்கும் காட்ட வேண்டும். புகார் வந்தால் ஊழியர்கள் விசாரிப்பார்கள். வாரியத்தின் விசாரணைக் குழு பார்க்கும். சமரசம் ஏற்படாவிட்டால், வாரியத்துக்கு வெளியே இருக்கும் மாநில நிர்வாக விசாரணை அலுவலகத்தின் நீதிபதி முன்பு வழக்கு போகும்.

நம் நாட்டில் மகாராஷ்டிராவும் டெல்லியும் ஆக்குபேஷனல் தெரபிக்கு முன்பே கவுன்சில் அமைத்தவை. மற்ற பல மாநிலங்களுக்கு 2021-இல் நாடாளுமன்றம் இயற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான சட்டம்தான் வழி காட்டியது. ஒவ்வொரு மாநிலமும் கவுன்சில் அமைக்க வேண்டும் என்கிறது அது. மாநிலங்கள் இழுத்தடித்ததால் 2024-இல் உச்ச நீதிமன்றம் கெடு வைக்க வேண்டி வந்தது. கவுன்சிலில் எத்தனை துறை நிபுணர்கள் என்பதோடு நின்றுவிடாமல், அந்தத் துறையில் ஒரு காசுகூடச் சம்பாதிக்காதவர் எத்தனை பேர் என்றும் நாம் கேட்க வேண்டும்.

ஹூஸ்டனிலோ டாலஸிலோ உங்கள் மகளோ தம்பியோ இருந்து, குழந்தைக்கு ஆக்குபேஷனல் தெரபி தேவைப்பட்டால், ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். தெரபிஸ்ட்டின் பெயரை டெக்சாஸ் நிர்வாகக் குழுவின் இணையதளத்தில் தட்டிப் பார்க்கட்டும். உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும், காசு எதுவும் கிடையாது. முதல் நாளே இன்னொன்றையும் கேட்கட்டும்: குழந்தையைப் பரிசோதித்துத் திட்டம் எழுதியவர் யார், தினமும் வரப்போகிறவர் யார்? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு கிளினிக் பார்ப்பது நல்லது.