போர்ஷே 944: பந்தயத் தடத்தில் ஆயில் பற்றாக்குறையும் எஞ்சின் புதுப்பித்தலும்

போர்ஷே 944 என்பது செருமனியின் போர்ஷே நிறுவனம் 1982 முதல் 1991 வரை விற்பனை செய்த நான்கு சிலிண்டர் விளையாட்டுக் கார் ஆகும். எஞ்சின் முன்புறமும் கியர்பெட்டி பின்புறமும் அமைந்திருப்பதால், காரின் எடை இரு அச்சுகளுக்கும் ஏறத்தாழச் சமமாகப் பிரிகிறது. திருப்பங்களில் நிலைகுலையாமல் ஓடும் இந்தக் குணத்தாலும், ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாரானதாலும், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பொழுதுபோக்காகப் பந்தயத் தடத்தில் ஓட்டுபவர்கள் இதை விரும்பி வாங்கினர். தடத்தில் இந்தக் கார் காட்டும் பலவீனமும் அதே அளவுக்குப் பெயர் பெற்றது. இரண்டாம் சிலிண்டரின் கனெக்டிங் ராடு பேரிங் மற்றவற்றுக்கு முன்பே தேய்ந்து கெடுகிறது. அதன் காரணத்தையும், எஞ்சினைப் புதுப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

எஞ்சினின் அமைப்பு

944-இன் முதல் எஞ்சின் 2.5 லிட்டர் கொள்ளளவு கொண்டது. சிலிண்டரின் விட்டம் 100 மி.மீ.; பிஸ்டனின் வீச்சு 78.9 மி.மீ. போர்ஷே 928 காரின் எட்டு சிலிண்டர் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு இது வடிவமைக்கப்பட்டது. இவ்வளவு பெரிய நான்கு சிலிண்டர் எஞ்சினில் அதிர்வு அதிகம் என்பதால், மிட்சுபிஷி நிறுவனத்தின் காப்புரிமையைப் பெற்று இரண்டு சமநிலைத் தண்டுகள் பொருத்தப்பட்டன. இவை கிராங்க் தண்டின் வேகத்தைப் போல் இரு மடங்கு வேகத்தில் சுழல்பவை.

ஆயில் முழுவதும் எஞ்சினின் அடியில் உள்ள சம்ப் என்னும் தட்டிலேயே தங்குகிறது. அங்கிருந்து உறிஞ்சுகுழாய் வழியாகப் பம்பு அதை மேலே அனுப்புகிறது. சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களில் உள்ளதும் இதே முறைதான்.

ஆயில் படலம் செய்யும் வேலை

கிராங்க் தண்டும் பேரிங்கும் உலோகத்தோடு உலோகம் உரசிச் சுழல்வதில்லை. இடையில் ஒரு மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. இந்த இடைவெளி தண்டின் விட்டத்தில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்பது பட்டறைகளில் வழங்கும் பொதுக் கணக்கு. 52 மி.மீ. விட்டமுள்ள தண்டுக்கு இது சுமார் 0.05 மி.மீ., அதாவது ஒரு தலைமுடியின் தடிமன்.

பிஸ்டனின் சுமையைத் தாங்கும் அழுத்தம் பம்பிலிருந்து வருவதில்லை. தண்டு சுழலும்போது ஆயிலைக் குறுகிய இடைவெளிக்குள் இழுத்துச் செல்வதால் அது உருவாகிறது. கசிந்து வெளியேறும் ஆயிலுக்கு ஈடாகப் புதிய ஆயிலைத் தருவது மட்டுமே பம்பின் வேலை. பம்பு ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சினால் இந்த ஈடு நின்றுவிடும். நிமிடத்துக்கு 6,000 சுற்று வேகத்தில் கிராங்க் ஒரு நொடிக்கு 100 முறை சுழல்கிறது. இரண்டு நொடி ஆயில் வராவிட்டால், பேரிங் 200 சுற்றுகளை மீதமிருந்த ஆயிலைக் கொண்டே கடக்க வேண்டும்.

தடத்தில் நிகழ்வது

பேருந்து திரும்பும்போது கையிலுள்ள டம்ளரில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்வதைப் போலவே சம்பில் உள்ள ஆயிலும் சாய்கிறது. பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதி அளவானால் ஆயிலின் மேற்பரப்பு சுமார் 27 பாகை சாயும்; இரண்டும் சமமானால் 45 பாகை சாயும். சாலையில் முதல் அளவையே அரிதாகத்தான் எட்டுவோம். பிடிப்பு மிகுந்த பந்தய டயர்கள் போட்ட கார் இரண்டாம் அளவைத் தாண்டிவிடும். நீண்ட வளைவில் இது பல நொடிகள் நீடிப்பதால், ஆயில் சம்பின் ஒரு சுவரில் ஏறி நிற்க, உறிஞ்சுகுழாயின் வாய் வெளியே தெரியலாம்.

இதனுடன் வேறு மூன்று காரணங்களும் சேர்கின்றன.

1. அதிக வேகத்தில் நெடுநேரம் ஓடும்போது, மேலே சென்ற ஆயிலில் ஒரு பகுதி சிலிண்டர் தலையிலேயே தங்கிவிடுகிறது. அந்த அளவுக்குச் சம்பில் ஆயில் குறைகிறது.
2. கிராங்கும் சமநிலைத் தண்டுகளும் ஆயிலைக் கடைவதால் அதில் காற்றுக் குமிழ்கள் கலக்கின்றன. நுரைத்த ஆயிலால் சுமையைத் தாங்கும் படலத்தை உருவாக்க முடியாது.
3. வெப்பம் ஏற ஏற ஆயில் நீர்த்து, படலம் மெலிகிறது.

ராடு பேரிங்குகளுக்கு ஆயில் கிராங்கின் உள்ளே உள்ள துளைகள் வழியாகச் செல்கிறது. மெயின் பேரிங்கில் வெளிப்புறத்திலிருந்து நுழையும் ஆயில், சுழலும் தண்டின் மையவிலக்கு விசையை எதிர்த்து உள்ளே செல்ல வேண்டும். வேகம் கூடக் கூட அதற்குத் தேவையான அழுத்தமும் கூடுகிறது. எனவே அழுத்தம் குறையும்போது முதலில் பட்டினி கிடப்பது ராடு பேரிங்குகளே. 944-இல் அவற்றுள் முதலில் கெடுவது இரண்டாவது பேரிங்.

முன் அறிகுறிகள்

ராடு பேரிங் தட்டும் ஒலி கேட்கும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். அதற்கு முன்பே தெரியக்கூடிய அறிகுறிகள் சில உண்டு.

ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பார்த்தால் மின்னும் உலோகத் துகள்கள் தெரியலாம். ஆய்வகத்தில் பழைய ஆயிலைச் சோதித்தால், அதில் ஈயமும் செம்பும் கூடிவருவது பேரிங் தேய்வதைக் காட்டும். எஞ்சின் நன்கு சூடேறிய பின் ஆயில் அழுத்தம் முன்பைவிடக் குறைவாக இருப்பதும் கவனிக்கத்தக்கது. வளைவில் ஒரு நொடி விழுந்து எழும் அழுத்தத்தை டாஷ்போர்டு முள்ளில் ஓட்டுநர் காண்பது அரிது. ஆகையால் உயர்ந்த அழுத்த வரம்பிலேயே எரியும் எச்சரிக்கை விளக்கு ஒன்றைத் தனியே பொருத்துவது நல்லது.

புதுப்பிக்கும்போது கவனிக்க வேண்டியவை

ராடு பேரிங்குகளை மாற்ற எஞ்சினை வெளியே எடுக்க வேண்டியதில்லை. எஞ்சினை மேலிருந்து தாங்கிப் பிடித்து, முன் குறுக்குச் சட்டத்தை இறக்கினால் சம்பைக் கழற்றலாம். பேரிங்கின் மேற்பூச்சு தேய்ந்து செம்பு நிறம் தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்தது என்று பொருள். பழைய பேரிங்குகள் நன்றாக இருந்தாலும், தடத்தில் ஓடும் காரில் இவற்றைக் குறித்த காலத்தில் மாற்றிவிடுவதே சிக்கனம். பேரிங் உருண்டுவிட்டால் கிராங்க், ராடு, சில வேளை பிளாக்கும்கூட வீணாகும்.

பிளாக் வரை கழற்றினால் மேலும் சிலவற்றில் கவனம் தேவை.

சிலிண்டர் சுவர்: பிளாக் அலூசில் என்னும் சிலிக்கன் மிகுந்த அலுமினியக் கலவையால் ஆனது. இதில் இரும்பு லைனர் இல்லை; வெளியே தெரியும் கடினமான சிலிக்கன் துகள்கள் மீதே பிஸ்டன் ஓடுகிறது. இரும்புப் பிளாக்கைப் போல் சாதாரணமாக ஹோனிங் செய்தால் இந்தப் பரப்பு பாழாகும். இந்த வேலை தெரிந்த பட்டறையிடமே கொடுக்க வேண்டும்.

கீழ்ப்பகுதி: மெயின் பேரிங் மூடிகள் அனைத்தும் ஒரே வார்ப்பாக உள்ளன. இது பிளாக்கோடு ஜோடியாகக் கடையப்பட்டது. வேறு எஞ்சினிலிருந்து மாற்றிப் போட முடியாது.

ஆயில் கூலர்: கூலரின் ரப்பர் சீல்கள் கெட்டால் ஆயிலும் குளிர்நீரும் கலக்கும். குளிர்நீர் கலந்த ஆயில் பேரிங்கை விரைவில் அரிக்கும் என்பதால் சீல்களைத் தவறாமல் மாற்ற வேண்டும். கூலர் உறையைத் திரும்பப் பொருத்தும்போது அதனுள் உள்ள அழுத்த வால்வு நேராக அமையாவிட்டால் வால்வு சிக்கிக்கொள்ளும்.

உறிஞ்சுகுழாய்: இதில் விரிசல் விழுவதுண்டு. விரிசல் வழியே பம்பு காற்றை இழுக்கும். பலர் இதைப் பற்றவைத்து வலுப்படுத்துகின்றனர்.

சம்பில் செய்யும் மாற்றங்கள்

எளிய தீர்வு, சம்பினுள் தடுப்புத் தகடுகள் வைப்பது. இவற்றில் உள்ள சிறு கதவுகள் ஆயிலை உறிஞ்சுகுழாய் பக்கம் உள்ளே விட்டு, வெளியே போகாமல் தடுக்கின்றன. அடுத்தது, அழுத்தத்தில் ஆயிலைச் சேமிக்கும் உருளை. அழுத்தம் விழுந்தவுடன் இது சில நொடிகளுக்குத் தேவையான ஆயிலைத் தருகிறது. முழுமையான தீர்வு உலர் சம்ப் முறை. இதில் ஆயில் தனித் தொட்டியில் தங்குவதால் வளைவுகளின் பாதிப்பு மிகக் குறைவு. 1964 முதலே போர்ஷே 911-இல் இருந்த இந்த முறை 944 சாலைக் கார்களுக்குத் தரப்படவில்லை. இதைப் புதிதாகப் பொருத்தச் செலவு அதிகம்.

ஆயில் தேர்வு

தடத்தில் ஓடும் பழைய எஞ்சினுக்கு 15டபிள்யூ-50, 20டபிள்யூ-50 போன்ற தடித்த ஆயில்கள் பொதுவாகப் பயன்படுகின்றன. சூட்டில் படலத்தின் தடிமனைக் காப்பது இந்தப் பாகுத்தன்மையே.

துத்தநாகமும் பாஸ்பரசும் கொண்ட தேய்மானத் தடுப்புச் சேர்மம் பற்றியும் அதிகம் பேசப்படுகிறது. புகைபோக்கியில் உள்ள வினையூக்கியைக் காப்பதற்காக, 2004-இல் வந்த தரநிலை மெல்லிய ஆயில்களில் பாஸ்பரசை 0.08 விழுக்காட்டுக்கு மேல் அனுமதிக்கவில்லை. இந்தச் சேர்மம் முக்கியமாகக் கேம் தண்டும் டாப்பெட்டும் உரசும் இடங்களைக் காக்கிறது. ஆயிலே வராத ராடு பேரிங்கை இதனாலும், எவ்வளவு விலையுயர்ந்த ஆயிலாலும் காப்பாற்ற முடியாது.

தடத்துக்குச் செல்லும் முன் ஆயில் மட்டம் மேல் குறியில் இருக்க வேண்டும். ஓட்டங்களுக்கு இடையிலும் அளந்து பார்க்க வேண்டும். குறிக்கு மிக மேலே ஊற்றினால் கிராங்க் ஆயிலைக் கடைந்து நுரை கூடும்.

செலவின் வரிசை

பேரிங் கெட்ட எஞ்சினைப் புதிய உதிரிபாகங்களுடன் கட்டி, பழைய சம்புடனேயே தடத்துக்கு அனுப்பினால் அதே பேரிங் மீண்டும் கெடும். ஆகவே குதிரைத்திறனைக் கூட்டும் முன் ஆயில் எப்போதும் பம்புக்குக் கிடைக்க வழிசெய்ய வேண்டும். தடுப்புத் தகடு, நல்ல உறிஞ்சுகுழாய், புதிய சீல்கள், ராடு பேரிங்குகள் ஆகியவை முதலில். கூலரும் சேமிப்பு உருளையும் அடுத்து. சக்தி கூட்டும் வேலைகள் கடைசியில் என்பதே இந்த எஞ்சினுக்குப் பொருந்தும் வரிசை.