உள்ளங்கால் எரிகிறதா?

சித்திரை மாதத்து இலுப்பூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், பொழுது சாய்ந்த பிறகும் உள்ளங்கை, உள்ளங்கால் எரிச்சல், நாவறட்சி, நடுநிசியில் வியர்வை என்று சிலர் அவதிப்படுகிறார்களே, அது ஏன்? "உஷ்ண தேகம்" என்பாள் பாட்டி. பித்தம் மிஞ்சிவிட்டது என்பார் சித்த வைத்தியர். சீன வைத்தியரோ, உடம்பில் 'யின்' என்னும் குளிர்ச்சி வற்றிவிட்டது என்பார்.

பெயர்தான் வேறு, பத்தியம் ஏறக்குறைய ஒன்றே. காரம், மது, கண்விழிப்பு மூன்றும் அங்கும் ஆகாது, இங்கும் ஆகாது. அவர்கள் பேரிக்காயும் கறுப்பு எள்ளும் உண்ணச் சொல்கிறார்கள். நமக்குப் பழைய சோறு, சின்ன வெங்காயம், நீர்மோர், நுங்கு. எள்ளையோ நாம் எண்ணெயாக்கித் தலையில் தேய்த்துக்கொள்கிறோம்! ஆண்களுக்குப் புதன், சனி. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. அன்று பகலில் உறங்கக் கூடாது என்பது பெரியவர்கள் கண்டிப்பு.

ஆனால், எரிச்சலெல்லாம் சூடு அல்ல. உள்ளங்கால் எரிச்சல் நீரிழிவின் அடையாளமாகவும் இருக்கலாம். இரவு வியர்வையோடு இருமலும் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால், காசநோயா என்று பார்த்தாக வேண்டும். மோரைக் குடித்துக்கொண்டே மாதக்கணக்கில் காலம் கடத்துகிறவர்கள் உண்டு. அரசு மருத்துவமனையில் சர்க்கரைப் பரிசோதனை, சளிப் பரிசோதனை இரண்டும் இலவசம்.