லினக்ஸில் அடுத்த படி: எதைத் தெரிவு செய்வது?

எனது மடிக்கணினியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தந்த குரல்பதிவுகள் இருக்கின்றன. அவர்களில் சிலர் இன்று உயிருடன் இல்லை. அதனால் இயங்குதளத்தை மாற்றுவதென்றால் இரண்டு தடவை யோசிப்பேன்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. பழைய கணினிகளில் உபுண்டு, மின்ட் போட்டுப் பழகியவர்கள், கொஞ்சம் ஆழமாகக் கற்க எது நல்லது என்று கேட்கிறார்கள். மூன்றைச் சொல்லலாம்.

டெபியன் 1993இல் தொடங்கியது. உபுண்டு இதிலிருந்தே உருவானது. ஆகவே பழகிய கட்டளைகள் பெரும்பாலும் இங்கும் வேலை செய்யும். ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வரும். இடையில் வருபவை பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் பிழைத் திருத்தங்களும்தான். மென்பொருட்கள் சற்றுப் பழையனவாக இருக்கும். ஆனால் டேட்டா குறைவாகவே செலவாகும்.

பெடோராவில் புதியவை சீக்கிரம் கிடைக்கும். ஆனால் ஒரு பதிப்புக்கான ஆதரவு ஏறக்குறைய 13 மாதங்கள்தான். வருடத்துக்கு ஒரு தடவையாவது முழுமையாக மேம்படுத்த வேண்டும்.

ஆர்ச்சுக்குப் பதிப்பு என்று ஒன்றில்லை; தொடர்ந்து புதுப்பித்தபடியே இருக்க வேண்டும். வன்தட்டைப் பிரிப்பதிலிருந்து திரைச்சூழலைத் தெரிவது வரை நாமே செய்யலாம். கற்பதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் புதுப்பிக்கும் முன் அதன் தளத்திலுள்ள அறிவித்தல்களைப் படிக்க வேண்டும். கட்டுரை அனுப்பவேண்டிய இரவில் அதற்கு நேரம் இருக்காது.

என் முடிவு: வேலைக்கு டெபியன். ஆர்ச்சை அதற்குள்ளேயே ஒரு மெய்நிகர் கணினியில் நிறுவிப் பழகுகிறேன். அது குழம்பினால் அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பதிவுகளுக்கு ஒன்றும் ஆகாது.

எதைத் தெரிந்தாலும் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். நிறுவும் முன் கோப்புகளை வெளி வன்தட்டில் பிரதி எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். பழைய கட்டுரைகள் பாமினியில் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து எடுங்கள். நிறுவும்போது வன்தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்யும் தெரிவை எடுங்கள். கணினி களவு போனாலும், பறிக்கப்பட்டாலும், அது அணைக்கப்பட்டிருந்தால் கடவுச்சொல் இன்றி உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. மூடி மட்டும் வைத்த கணினிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

அந்தக் கடவுச்சொல்லை மறந்தால் உங்களாலும் திறக்க முடியாது. ஒரு தாளில் எழுதி, கணினி இல்லாத இடத்தில் வையுங்கள். நம்பித் தந்தவர்களின் குரல் நமது மறதியால் அழியக்கூடாது.