விளக்கு அணைந்தது, மின்சாரம் போய்விட்டதா?

பழைய வீட்டில் சமையலறையைப் புதுப்பிக்கும்போது எல்லோருடைய கவனமும் மேடைக் கல்லிலும் குழாயிலும்தான் இருக்கும். சுவரில் மாட்டிய மரப்பலகையை யாரும் பார்ப்பதில்லை. அதில் வெள்ளைப் பீங்கானால் ஆன பியூஸ் கட்டைகள் இரண்டு அருகருகே இருப்பதுண்டு. சுவரைக் கொத்துவதற்கு முன் ஒருவர் அவற்றில் ஒன்றைப் பிடுங்குகிறார். விளக்கு அணைகிறது. "கரண்ட் இல்லை, கொத்தலாம்" என்கிறார். அவர் சொன்னது சரிதானா?

வீட்டுக்குள் வரும் இரண்டு கம்பிகளில் ஒன்று ஃபேஸ், மற்றொன்று நியூட்ரல். நியூட்ரல் கம்பி மின்மாற்றி இருக்கும் இடத்திலேயே பூமியுடன் இணைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அதற்கும் தரைக்கும் இடையே மின்னழுத்தம் மிகக் குறைவு. ஃபேஸ் கம்பிக்கும் தரைக்கும் இடையிலோ 230 வோல்ட். விளக்கு எரிவதற்கு இரு கம்பிகளும் வேண்டும். நமக்கு அதிர்ச்சி தர ஃபேஸ் ஒன்றே போதும். நாம் நிற்பது தரையில் அல்லவா?

இப்போது பிடுங்கிய கட்டை நியூட்ரலுக்கு உரியது என்று வைத்துக்கொள்வோம். மின்னோட்டம் திரும்பிச் செல்லும் வழி அடைபட்டது, விளக்கு அணைந்தது. ஆனால் ஃபேஸ் கம்பி வீடு முழுவதும் முன்போலவே இருக்கிறது. அதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. விளக்கின் சுவிட்ச் போட்டபடியே இருந்தால், ஃபேஸின் மின்னழுத்தம் பல்பின் இழை வழியாக நியூட்ரல் கம்பிக்கும் வந்துவிடும். அதாவது, தீங்கற்றது என்று நாம் நம்பும் கம்பியும் 230 வோல்ட்டில் நிற்கும்!

பல்பின் இழை நடுவில் தடையாக இருக்கிறதே என்று கேட்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள். 60 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 880 ஓம். உடலின் தடையை 2,000 ஓம் என்று கொள்வோம் (ஈரக் கையானால் இன்னும் குறையும்). 230-ஐ 2,880-ஆல் வகுத்தால் 0.08 ஆம்பியர், அதாவது 80 மில்லியாம்பியர். இதயத் துடிப்பைக் குலைக்க இது போதும். இழை குளிர்ந்திருக்கும்போது தடை இன்னும் குறைவு என்பதால் உண்மையில் மின்னோட்டம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். 5 ஆம்பியர் பியூஸ் இதைக் கண்டுகொள்ளாது. அது கம்பியைக் காப்பதற்கு ஏற்பட்டது, மனிதரைக் காப்பதற்கு அல்ல.

பின் ஏன் நியூட்ரலிலும் பியூஸ் வைத்தார்கள்? தொடக்க காலத்தில் இரு கம்பிகளையும் சமமாகக் கருதி, இரண்டுக்கும் காப்பு இருக்கட்டும் என்று வைத்த வழக்கம் அது. நியூட்ரலைப் பூமியுடன் இணைத்த பிறகு அதுவே ஆபத்தாயிற்று. நியூட்ரலில் தனி பியூஸோ தனி சுவிட்சோ கூடாது, ஃபேஸோடு சேர்ந்து ஒரே நேரத்தில் துண்டிக்கும் சுவிட்ச் மட்டுமே இருக்கலாம் என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கூறின. விதி வந்தது, பழைய பலகைகள் பல அப்படியே சுவரில் தங்கிவிட்டன.

அனுபவமுள்ள எலக்ட்ரீசியன் பிளக் துளைகள் இரண்டிலும் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். இரண்டிலும் நியான் ஒளிர்ந்தால் நியூட்ரல் அறுந்திருக்கிறது என்று ஊகிப்பார். (இதை நீங்கள் செய்து பார்க்க வேண்டாம்.) வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, இரு கட்டைகளையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு கம்பியையும் தரையோடு சோதித்த பிறகே அவர் கை வைப்பார்.

அப்போதும் மெயின் சுவிட்சுக்கு முன்னால் உள்ள பகுதியில் மின்சாரம் இருந்துகொண்டுதான் இருக்கும். மீட்டரும் அதன் முத்திரையும் மின்வாரியத்தைச் சேர்ந்தவை. பலகையை இடம் மாற்ற வேண்டுமானால் அவர்களே வந்து இணைப்பைத் துண்டிக்க வேண்டும்.

தேக்குச் சட்டத்தின் மேல் ஓடும் பழைய கம்பிகளையும் இத்துடன் மாற்றிவிடுவதே நல்லது என்பது என் கருத்து. அவற்றின் ரப்பர் உறை பல ஆண்டுகளில் இறுகி, வளைத்தால் பொடிப்பொடியாக உதிரும். புதுச் சமையலறைக்கு வரும் 2,000 வாட் இண்டக்சன் அடுப்பு ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் எடுக்கும். மின்னோட்டம் இரட்டித்தால் கம்பியில் பிறக்கும் வெப்பம் நான்கு மடங்காகும்.

புதிய பலகையில் ஆர்.சி.சி.பி. என்ற கருவியை வைக்கிறார்கள். ஃபேஸில் போகும் மின்னோட்டத்தையும் நியூட்ரலில் திரும்பும் மின்னோட்டத்தையும் அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. யாரோ ஒருவரின் உடல் வழியாகச் சிறிது தரைக்குப் போனால் இரண்டும் சமமாக இரா. வேறுபாடு 30 மில்லியாம்பியரை எட்டுவதற்குள், நொடியின் ஒரு சிறு பங்கில், அது இரு கம்பிகளையும் சேர்த்தே துண்டித்துவிடும்.