பின் டயர் அகலமானால் பிடிப்பு கூடுமா?

2008இல் யமஹா ஆர்15 இந்தியச் சாலைக்கு வந்தபோது அதன் பின்சக்கரத்தில் இருந்தது 100/80-17 அளவு டயர். அகலம் 100 மில்லிமீட்டர்தான். முன்னால் இன்னும் ஒல்லி, 80. ஓட்டியவர்கள் அது வளைவில் திரும்பும் அழகைப் புகழ்ந்தார்கள். பார்த்தவர்கள், பின்பக்கம் இப்படி மெலிந்து கிடக்கிறதே என்று குறைப்பட்டார்கள். 2011இல் வந்த இரண்டாம் வெர்ஷனில் பின் டயர் 130 ஆனது. 2018இல் மூன்றாம் வெர்ஷனில் 140. நான்காம் வெர்ஷனிலும் அதே 140/70 ஆர்17தான், முன்னால் 100/80-17.

இந்த வரிசையைப் பார்க்கும் இளைஞருக்கு அடுத்த படி 150 என்று தோன்றுவதில் வியப்பில்லை. டயர் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது:

"அண்ணே, 140 வேணாம், 150 போட்டுரலாமா? உக்காருமா?"

"உக்காரும் தம்பி. செயின் கவர்ல உரசுதான்னு மட்டும் பாத்துக்கணும்."

அத்தோடு முடிவாகிவிடுகிறது. உரசுகிறதா, உரசவில்லையா என்பதே டயர் தேர்வின் ஒரே கேள்வியாகிவிடுகிறது. ஆனால் டயரை 100இலிருந்து 130 ஆக்கியபோது யமஹா டயரை மட்டும் மாற்றவில்லை. ரிம் அகலமானது. பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் இரும்பிலிருந்து அலுமினியத்துக்கு மாறியது. இரு சக்கர அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 1,290 மில்லிமீட்டரிலிருந்து 1,345 ஆக நீண்டது. நாம் கடை வாசலில் அரைமணி நேரத்தில் செய்ய நினைப்பதை, அவர்கள் வண்டியின் பின்பாதியையே திருத்தி வரைந்து செய்தார்கள்.

சரி, அகலம் கூடினால் பிடிப்பு கூடும் என்பதாவது உண்மையா? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

நான்காம் வெர்ஷன் ஆர்15, பெட்ரோலும் ஆயிலும் சேர்த்து 142 கிலோ. ஓட்டுபவர் 70 கிலோ என்றால் மொத்தம் 212. இதில் பாதிக்குச் சற்று மேல், சுமார் 110 கிலோ, பின்சக்கரத்தின் மேல் அமர்கிறது. டயருக்குள் 33 பிஎஸ்ஐ காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2.3 கிலோ அழுத்தம். 110 கிலோவை இந்தக் காற்று தாங்க வேண்டுமென்றால் தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு இருக்க வேண்டும்? 110ஐ 2.3ஆல் வகுத்தால் ஏறக்குறைய 48 சதுர சென்டிமீட்டர். உங்கள் பர்ஸில் இருக்கும் டிரைவிங் லைசென்ஸ் அட்டையின் அளவு அவ்வளவுதான். பின்பக்கம் அந்த ஓர் அட்டை, முன்பக்கம் இன்னோர் அட்டை. பிரேக், திருப்பம், வேகம் எல்லாம் இந்த இரண்டின் பொறுப்பு.

மேலே உள்ள கணக்கில் டயரின் அகலம் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். எடையும் காற்றழுத்தமும்தான் வந்தன. டயரின் பக்கச்சுவர் விறைப்பாக இருப்பதால் இந்த எண் சற்று முன்பின் ஆகலாம். ஆனால் அதே காற்றழுத்தத்தில் அகல டயர் போட்டால் தொடுபரப்பு பெரிதாகக் கூடிவிடாது. அதன் வடிவம்தான் மாறும். நீளவாக்கில் குறுகி, அகலவாக்கில் விரியும்.

அப்படியானால் 1,000 சிசி வண்டிகளுக்கு ஏன் 190, 200 என்று டயர் வைக்கிறார்கள்? அந்த எஞ்சின்கள் பின்சக்கரத்துக்கு அனுப்பும் 200 குதிரைத்திறனில் ரப்பர் சூடேறும், தேயும். அந்தச் சூட்டையும் தேய்மானத்தையும் பங்குபோட அங்கே நிறைய ரப்பர் வேண்டும். ஆர்15இன் எஞ்சின் தருவது 18.4 பிஎஸ். இந்தத் திறனுக்கு 140 மில்லிமீட்டரே தாராளம். உலக சாம்பியன்ஷிப் தரத்தில் ஓர் உதாரணம் வேண்டுமா? மோட்டோ3 போட்டிக்காக ஹோண்டா கட்டிய என்எஸ்எஃப்250ஆர் என்ற பந்தய வண்டி, ஆர்15ஐப் போல இரண்டரை மடங்கு திறன் கொண்டது. அதன் பின் டயர் 115/75. முன் டயர் 95/75. பந்தயத்தில் வளைவுக்கு வளைவு தரையை முட்டும் அளவுக்குச் சாய்ந்து போகும் வண்டிக்கே 115 மில்லிமீட்டர் போதுமென்றால், கல்லூரிக்கும் கொல்லிமலைக்கும் போகும் வண்டிக்கு 150 எதற்கு?

அகலம் கூடுவதால் கிடைப்பது குறைவு, இழப்பது அதிகம். 140/70 என்பதில் 70 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 70 சதவீதம். அதாவது 98 மில்லிமீட்டர். 17 அங்குல ரிம்மோடு சேர்த்தால் டயரின் முழு விட்டம் 628 மில்லிமீட்டர். கேடிஎம் ஆர்சி வண்டிகளில் வரும் 150/60 டயரை இதில் மாட்டினால் விட்டம் 612 ஆகிவிடும். வண்டியின் பின்பக்கம் 8 மில்லிமீட்டர் தாழ்கிறது. ஃபோர்க் அந்த அளவுக்குப் பின்னோக்கிச் சாய்கிறது. ஹேண்டில் திரும்புவதில் மந்தம் தட்டும். 150/70 போட்டாலோ விட்டம் 642. பின்பக்கம் 7 மில்லிமீட்டர் தூக்கும், மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் இடம் சுருங்கும். இரண்டில் எதைப் போட்டாலும் பொறியாளர்கள் மாதக்கணக்கில் சரிபார்த்து வைத்த அளவு கலைந்துவிடும். ரிம்மின் அகலத்தை மீறிய டயர் இரண்டு பக்கமும் நெரிபட்டு நடுவில் கூம்பிக்கொள்ளும். அகலத்துக்காகக் காசு கொடுத்துவிட்டு, அந்த அகலம் தரையில் படாமலேயே போகும்.

சாய்வுக்கும் ஒரு விலை உண்டு. 20 மீட்டர் ஆரமுள்ள வளைவை 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க, கத்தி முனை போல மெல்லிய டயர் இருந்தால் வண்டி 32 டிகிரி சாய வேண்டும். டயருக்கு அகலம் வந்ததும், சாயும்போது தரையைத் தொடும் இடம் உள்பக்கமாக நகர்கிறது. அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் சாய வேண்டியிருக்கிறது. ஆளும் வண்டியும் சேர்ந்த ஈர்ப்பு மையம் 60 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், 100 மில்லிமீட்டர் டயருக்குக் கூடுதலாக 3 டிகிரி, 140க்கு 4 டிகிரி. ஒரு டிகிரி சிறியதுதான். ஆனால் முதல் ஆர்15ஐ ஓட்டியவர்கள் இன்றும் அதன் லேசான திருப்பத்தைப் பற்றிப் பேசுவதற்கு அந்த ஒல்லி டயர்களும் ஒரு காரணம்.

பிடிப்பு அகலத்தில் இல்லையென்றால் வேறெங்கே இருக்கிறது? ரப்பரில். இந்தக் கட்டுரையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

தார்ச்சாலையை உருப்பெருக்கியில் பார்த்தால் அது கூர்கூரான கல்முனைகளின் காடு. டயர் ரப்பர் அந்த முனைகளின் மேல் படும்போது இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, ரப்பர் மூலக்கூறுகள் கல்லோடு ஒட்டிப் பிரிகின்றன. இதற்கு இரண்டு பரப்புகளும் நேராகத் தொட வேண்டும். இடையில் மழைநீரோ தூசோ வந்தால் இந்த ஒட்டுதல் போயிற்று. இரண்டாவது, ரப்பர் கல்முனையைச் சுற்றி அமுங்கி, மெதுவாகத்தான் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. அமுங்கும்போது வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியைச் சூடாக விழுங்கிவிடுகிறது. அந்த விழுங்கல்தான் வழுக்கலைத் தடுக்கும் விசை. ஈரச் சாலையில் நம்மை நிமிர்த்தி வைத்திருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வேலைதான்.

இங்கே ஒரு சிக்கல். ஆற்றலை விழுங்கும் ரப்பர், உருளும்போதும் விழுங்கும். மைலேஜ் குறையும், டயர் சூடாகும். நல்ல பிடிப்பும் நல்ல மைலேஜும் ஒரே ரப்பரில் வராது என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். வழி கிடைத்தது வேகக் கணக்கில். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஆர்15இன் பின் டயரில் ஒரு புள்ளி தரையில் அமுங்கி எழுவது நொடிக்கு எட்டு ஒன்பது முறைதான். ஆனால் பிரேக் பிடிக்கும்போது நுண்ணிய கல்முனைகளின் மேல் இழுபடும் ரப்பர் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை, அதற்கும் மேலே, அதிர்கிறது. மெதுவான அமுக்கத்தில் ஆற்றலைத் திருப்பித் தந்து, வேகமான அதிர்வில் விழுங்கும் ரப்பர் கிடைத்தால் போதும். டயருக்குக் கறுப்பு நிறம் தரும் கார்பன் கரியின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சிலிக்காவைச் சேர்த்து, அது ரப்பரோடு இணைய சிலேன் என்ற வேதிப்பொருளையும் கலந்தபோது இது கைகூடியது. மிஷலின் நிறுவனம் 1992இல் இத்தகைய கார் டயரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. வடகிழக்குப் பருவமழையில் தினமும் வண்டி ஓட்டுபவர், கடைக்காரரிடம் அகலத்தைக் கேட்பதற்குப் பதில் "சிலிக்கா காம்பவுண்டா?" என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பலன் இருக்கும்.

ரப்பர் வெப்பத்துக்கும் அடிமை. பந்தய டயர்களை ஓடுதளத்துக்கு அனுப்பும் முன் மின்போர்வை சுற்றி 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். அந்தச் சூட்டில்தான் அந்த ரப்பர் தன் முழுப் பிடிப்பைத் தரும். இருங்காட்டுக்கோட்டை பந்தயத்தளத்தில் சுற்றுக்குச் சுற்று முழு வேகத்தில் போகும்போது அந்தச் சூடு தங்கும். அண்ணா சாலை சிக்னல்களில் நின்று நின்று போகும்போது தங்காது. பந்தய டயரைத் தெருவுக்குப் போட்டால், அது விழித்தெழும் முன்பே வீடு வந்துவிடும். சாதாரணச் சாலை டயர் குளிர்ந்த நிலையிலேயே வேலை செய்யும்படி கலக்கப்பட்டது. 150 சிசி வண்டிக்கு அதுதான் பாதுகாப்பு. நடுவில் கெட்டியும் ஓரத்தில் மென்மையுமாக இரண்டு ரப்பர் வைத்த டயர்களும் வருகின்றன. நெடுஞ்சாலையில் நேராகப் போகும் தூரம் அதிகமுள்ளவர்களுக்கு அவை பொருந்தும். நடுப்பகுதி சீக்கிரம் தட்டையாகாது.

ரேடியலா, சாதாரண நைலான் டயரா என்ற கேள்விக்கு அதிகம் குழம்ப வேண்டியதில்லை. ரேடியல் டயரில் இழைகள் நேர்குறுக்காக ஓடுவதால் பக்கச்சுவர் நெகிழ்ந்தாலும் தரைப்பகுதி அதிகம் கோணாது, சூடும் குறைவு. ஆர்15இல் பின்னால் ரேடியல், முன்னால் சாதாரண டயர். இந்தச் சேர்க்கை கம்பெனியே சோதித்துத் தந்தது. இதைத் தலைகீழாக்கி, முன்னால் ரேடியலும் பின்னால் சாதாரணமும் போடாதீர்கள்.

டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பதைப் படிக்கப் பழகினால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. ஆர்15 பின் டயரில் 66எச் என்றிருக்கும்: 300 கிலோ தாங்கும், 210 கிலோமீட்டர் வேகம் வரை. முன் டயரின் 52பி என்பது 200 கிலோ, 150 கிலோமீட்டர். இதற்குக் கீழான எண் உள்ள டயரை விலை குறைவென்று வாங்கக் கூடாது. நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. ரப்பர் கடையில் சும்மா கிடந்தாலும் காற்றும் வெப்பமும் பட்டுக் கெட்டியாகிக்கொண்டே போகும். வெளிநாட்டுப் பெயருக்காக மூன்று நான்கு வருடம் அலமாரியில் கிடந்த டயரை வாங்குவதைவிட, சென்னையின் எம்ஆர்எஃப், மதுரையின் டிவிஎஸ் யூரோகிரிப் போன்றவற்றின் புதிய சரக்கு எத்தனையோ மேல்.

பட்டன் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கப் பலர் டயரின் நடுவை மட்டும் தடவிப் பார்க்கிறார்கள். பக்கச்சுவரில் டிடபிள்யூஐ என்ற எழுத்துகளோ சிறு முக்கோணமோ இருக்கும் இடத்துக்கு நேராக, பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். ரப்பர் அந்த மேட்டின் மட்டத்துக்கு இறங்கிவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். காய்ந்த தரையில் மொட்டை டயரும் பிடிக்கும். பள்ளங்கள் இருப்பது தண்ணீரை வெளியே தள்ளத்தான். மழை நாளில்தான் மொட்டை டயரின் குறை தெரியவரும், அதுவும் பிரேக் பிடிக்கும் நொடியில்.

டயரை எவ்வளவு கவனமாகத் தேர்ந்தெடுத்தாலும் காற்று சரியில்லையென்றால் எல்லாம் வீண். 10 டிகிரி வெப்பம் கூடினால் உள்ளே ஒன்றரை பிஎஸ்ஐ அழுத்தம் கூடும். வெயிலில் 20 கிலோமீட்டர் ஓட்டிவந்து பங்க்கில் அளந்தால் கருவி குளிர்ந்த நிலையின் அளவைவிட அதிகம் காட்டும். அதிகமாக இருக்கிறதென்று இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் காற்று குறைந்த டயரில் போவீர்கள்.

ஆகவே அடுத்த முறை டயர் மாற்றப் போகும்போது வண்டிப் புத்தகத்தில் உள்ள அதே அளவைக் கேளுங்கள். தயாரித்த வாரத்தைப் படித்துப் பாருங்கள். அகல டயருக்குக் கொடுக்க நினைத்த கூடுதல் பணத்தில், தேய்ந்த முன் டயரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். அவசர பிரேக்கில் வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் டயருடையது. புது டயர் மாட்டிய முதல் 100 கிலோமீட்டருக்கு வளைவில் வேகம் வேண்டாம், அதன் மேல்தோல் இன்னும் வழவழப்பாகத்தான் இருக்கும். காற்றை, வண்டியை எடுக்கும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். அதற்கென்று ஒரு சிறு அளவுமானி வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.