அறுபத்து மூன்றாம் வயதில் அரங்கேற்றம்

பாடகர் பலர் ஓய்வை நாடும் வயது அறுபத்து மூன்று. அந்த வயதில்தான் பிரேஸில் தேசத்து ஸாம்பா பாடகி கிளெமெண்டினா டி ஜெஸூஸ் அம்மையார் முதன்முதலாக மேடையேறினார். அதற்கு முன் இருபது வருஷங்களுக்கு மேலாக அவர் பார்த்த உத்தியோகம் என்ன தெரியுமா? பிறர் வீட்டில் வேலைக்காரி!

ரியோ டி ஜெனிரோ மாகாணத்திலுள்ள வலென்ஸாவில் 1901-ஆம் வருஷம் அவர் பிறந்தார். ஒரு காலத்தில் அப்பிரதேசத்துக் காப்பித் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். பிரேஸிலில் அடிமை முறை ஒழிந்தது 1888-ல். அதாவது அம்மையார் பிறப்பதற்குப் பதின்மூன்றே வருஷங்களுக்கு முன். தளை அறுந்தது, பாட்டு அறவில்லை. தாயார் வேலை செய்துகொண்டே பாடிய பழம் பாட்டுக்களை மகள் கேட்டுக் கேட்டே பாடம் செய்தார். ஆப்பிரிக்கச் சொற்கள் விரவிய பாட்டுக்கள் அவை.

அம்மக்களின் தாளத்தில் பிறந்ததுதான் ஸாம்பா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போலீஸார் அதைத் துரத்தினார்கள். 1930-க்குப் பின் ரேடியோ அதைத் தேசிய சங்கீதமாக உயர்த்திற்று. சங்கீதம் கூடத்துக்கு வந்துவிட்டது. அதைக் காத்தவர்களில் பலர் அடுக்களையிலேயே நின்றார்கள்.

1963-ல் ஹெர்மினியோ பெலோ டி கார்வாலியோ என்ற கவிஞர் அவரைக் கண்டு, பாடக் கேட்டார், கேட்டபின் விடவில்லை. 1964 டிசம்பரில் அரங்கேற்றம். மறு வருஷம் 'தங்க ரோஜா' என்ற மேடை நிகழ்ச்சியால் பெரும் புகழ் வந்தது. வழக்கமாக நாம் இனிமை என்று சொல்வது அக்குரலில் இல்லை. கனத்து, கரகரத்து, பூமிக்கடியிலிருந்து எழுவது போன்ற குரல்! 1966-ல் ஆப்பிரிக்காவின் டக்கார் நகரில் நடந்த கறுப்பின மக்களின் கலை விழாவிலும் பாடினார். முன்னோர் விலங்குடன் கடந்த சமுத்திரத்தை அவர் பாட்டுடன் திரும்பக் கடந்தார்.

1982-ல், எண்பத்தோராம் வயதில், 'அடிமைகளின் கானம்' என்ற இசைத்தட்டில் வேறு இருவருடன் பாடினார். மீனாஸ் ஜெராயிஸ் பிரதேசத்துச் சுரங்கங்களில் அடிமைகள் பாடிய தொழிற்பாட்டுக்கள் அவை. 1987-ல் அம்மையார் காலமானார்.

கண்டெடுத்த கவிஞரை உலகம் புகழ்கிறது; புகழட்டும். நமக்கோ ஒரு கேள்வி எழுகிறது. இருபது வருஷ காலம் வேலை செய்த வீட்டில் அவர் ஒரு நாளேனும் வாய் திறந்து பாடாமலா இருந்திருப்பார்? பாடியிருப்பார். வேலைக்காரியின் முணுமுணுப்பு என்று வீட்டார் எண்ணியிருப்பார்கள். தேசத்தின் செல்வம் அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போது, அதை அறிய வித்வத் சபைகள் வேண்டியதில்லை. அடுத்த அறையில் இருப்பவர்களுக்குக் காது இருந்தால் போதும்.