அளவுக் கோட்டுக்குள் மூன்று புள்ளிகள்

ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் படிக்கும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ஆட்டோகேடில் வரைந்த பிளானில் காம்பவுண்டு சுவர் திரையில் பளிச்சென்று தெரிகிறது, பிரிண்ட் எடுத்தால் தாளில் காணோம், ஏன்? பிரிண்டரைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டாராம். பிரிண்டர் மேல் பெரும்பாலும் குற்றமிருக்காது. அந்தச் சுவர் ‘டெஃப்பாயின்ட்ஸ்’ என்ற லேயரில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், கோடுகளைத் தேர்ந்தெடுத்து வேறு லேயருக்கு மாற்றுங்கள். அடுத்த பிரிண்டில் சுவர் வந்துவிடும்.

கேள்விக்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் அந்த லேயர் எங்கிருந்து வந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அதை யாரும் உருவாக்குவதில்லை. வரைபடத்தில் முதல் டைமென்ஷனைப் போட்டதுமே ஆட்டோகேட் தானாக உருவாக்கிக்கொள்கிறது. டைமென்ஷன் இருக்கும்வரை அதை நீக்க முடியாது. அதில் எதை வரைந்தாலும் திரையில் தெரியும், அச்சில் வராது.

காரணம் டைமென்ஷனின் உள்ளமைப்பில் இருக்கிறது. சுவரின் இரு முனைகளையும் கிளிக் செய்து, அளவுக் கோடு எங்கே நிற்க வேண்டும் என்று மூன்றாவது கிளிக்கில் காட்டுகிறோம். கோடு, அம்புக்குறி, எண் எல்லாம் வந்து நிற்கின்றன. ஆனால் மென்பொருளுக்கு முக்கியம் நாம் காட்டிய மூன்று புள்ளிகள்தான். நாம் பார்க்கும் எண் யாரும் தட்டியதல்ல. முதல் இரண்டு புள்ளிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கணக்கிட்டு மென்பொருள் சொல்லும் விடை அது. அந்தப் புள்ளிகள் கோப்பில் இருந்தே ஆக வேண்டும், தாளில் மட்டும் விழக் கூடாது. அவற்றுக்காக ஒதுக்கிய அறைதான் டெஃப்பாயின்ட்ஸ். வேண்டாத பிரதி ஒன்றில் ஒரு டைமென்ஷனை எக்ஸ்ப்ளோட் செய்து பாருங்கள். கோடுகள், அம்புகள், எழுத்து எல்லாம் தனித்தனியாகப் பிரியும். கூடவே அந்த மூன்று புள்ளிகளும் வெளியே வந்து விழும். அதன் பிறகு அந்த எண் வெறும் எழுத்து. சுவரை நீட்டினாலும் அது மாறாது.

எக்ஸ்ப்ளோட் செய்யாத டைமென்ஷன் உயிரோடு இருக்கும். டிம்அசோக் என்ற அமைப்பின் மதிப்பு 2 ஆக இருந்தால், புள்ளிகள் சுவரின் முனைகளையே பிடித்துக்கொள்ளும். சுவரை 200 மில்லிமீட்டர் நீட்டினால் எண் தானே திருந்தும்.

எழுத்தின் உயரம், அம்பின் வடிவம் இவற்றையெல்லாம் டைமென்ஷன் ஸ்டைலில் ஒருமுறை அமைத்துவிடலாம். எழுத்து தெரியவே இல்லை என்று திணறுபவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்தால் போதும். தாளில் 2.5 மில்லிமீட்டர் உயர எழுத்து வேண்டும், பிளான் 1:100 அளவில் அச்சாகப் போகிறது என்றால், மாடலில் எழுத்து 250 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 1:50 என்றால் 125. ஆட்டோகேட் 2008 முதல் அனோடேட்டிவ் வசதி இந்தப் பெருக்கலைத் தானே செய்துகொள்கிறது.

என் மனத்தை உறுத்துவது வேறொன்று. எண்ணின் மேல் இரட்டைக் கிளிக் செய்து, நமக்குப் பிடித்த எண்ணைத் தட்டிவிட முடியும். கோடு 2950 நீளம் இருக்கும், எண் 3000 என்று காட்டும். மென்பொருள் மறுப்பே சொல்லாது. எங்கள் அப்பாவின் மளிகைக் கடையில் முள் வைத்த தராசு ஒன்று இருந்தது. அதன் முகப்பில் ‘1 கிலோ’ என்று காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுச் சர்க்கரை நிறுப்பதும் இதுவும் ஒன்றுதான்.

இதைச் செய்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர். மாலைக்குள் பிளானைக் கொடுத்தாக வேண்டும். ஒரு சுவரை நகர்த்தினால் பக்கத்து அறை, கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். எண்ணை மாற்றுவது ஒரு நொடி வேலை. சில சமயம் கூட்டல் இடிக்கும். ஆப்ஜெக்ட் ஸ்னாப் இல்லாமல் கண்ணளவில் வரைந்ததால் மூன்று அறைகள் ஒவ்வொன்றும் 3000.4 ஆகிவிட்டன என்று வையுங்கள். தசமம் வேண்டாம் என்று ஸ்டைலில் அமைத்திருந்தால் 3000, 3000, 3000 என்று காட்டும். மொத்த அளவு 9001 என்று வரும். அந்த 1, தவறு எங்கே என்று கைகாட்டும் நல்ல அடையாளம். அதைப் பின்தொடர்ந்து போய்க் கோட்டைத் திருத்துவதை விட்டுவிட்டு, 9000 என்று தட்டி வாயடைத்துவிடுகிறோம்.

கட்டட வேலையில் இது பல காலம் பெரிய சேதமில்லாமல் ஓடியது. கொத்தனார் பார்ப்பது எண்ணைத்தான். ‘எழுதியுள்ள அளவையே பின்பற்றுக, அளந்து பார்க்க வேண்டாம்’ என்ற குறிப்பும் பிளானின் மூலையில் இருக்கும். இப்போது வரைபடத்துக்கு இன்னொரு வாசகர் வந்திருக்கிறார். லேசர் வெட்டும் இயந்திரத்துக்கு எண் படிக்கத் தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். மோட்டார் பேஸ் பிளேட் ஒன்றில் துளைகளின் இடைவெளி 175 மில்லிமீட்டராக வரையப்பட்டிருக்கிறது, மேலே 180 என்று தட்டியிருக்கிறார்கள் என்று வையுங்கள். லேத் பட்டறையில் தாளைப் பார்த்து மார்க்கிங் போட்டுத் துளைப்பவர் 180-ல் சரியாகத் துளைத்துவிடுவார். அதே கோப்பை லேசர் கட்டிங்குக்கு அனுப்பினால் 175-ல் துளை விழும். 14 மில்லிமீட்டர் துளையில் 12 மில்லிமீட்டர் போல்ட் போடும் இடத்தில் இந்த 5 மில்லிமீட்டரை எந்தச் சுத்தியலாலும் சமாளிக்க முடியாது. இத்தனைக்கும் வெட்டியவர் கோப்பில் இருந்ததைத்தான் வெட்டினார், வரைந்தவர் தாளில் சரியான எண்ணைத்தான் போட்டார். பிளேட் பழைய இரும்புக்குப் போகும், பழியை யார் ஏற்பது என்ற சண்டை மட்டும் மிஞ்சும்.

டிராயிங் போர்டில் வரைந்த தலைமுறை இதற்கு ஓர் ஒழுங்கு வைத்திருந்தது. கடைசி நேரத்தில் அளவு மாறி, படத்தைத் திரும்ப வரைய நேரமில்லை என்றால், அந்த எண்ணின் கீழே தடிமனாக ஒரு கோடு இழுப்பார்கள். இந்த எண் படத்தின் அளவோடு பொருந்தாது என்று பொருள். பொறியியல் வரைபடத் தரவிதிகளிலும் இந்த வழக்கம் உண்டு. கணினி வந்த பிறகு இதைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது. வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்தாலும் தேர்வு முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

பிறரிடமிருந்து வரும் கோப்பை வேலைக்கு எடுக்குமுன் சந்தேகமான டைமென்ஷனைத் தேர்ந்தெடுத்து ப்ராப்பர்டீஸ் பலகையைத் திறவுங்கள். ‘மெஷர்மென்ட்’ என்ற வரியில் உண்மையான நீளம் இருக்கும். ‘டெக்ஸ்ட் ஓவர்ரைட்’ வரி காலியாக இருந்தால் நிம்மதி. அதில் எண் இருந்தால் உடனே அழித்துவிடாதீர்கள். அழித்தால் அளந்த எண் திரும்பி வரும், ஆனால் வரைந்தவர் மனத்தில் இருந்த அளவு போய்விடும். முதலில் அவரைக் கூப்பிட்டு எது சரி என்று கேளுங்கள். பிறகு கோட்டைத் திருத்திவிட்டு அந்த வரியைக் காலி செய்யுங்கள். திருத்த நேரமே இல்லை என்றால் எண்ணுக்கு அடிக்கோடாவது போட்டு அனுப்புங்கள்; லேசர் கட்டிங்குக்குப் போகிற கோப்பாக இருந்தால் அதுகூட வேண்டாம், கோட்டைத் திருத்திய பிறகே அனுப்புங்கள்.